ரிசப்ஷனுக்கு எந்தக் கண் மேக்கப்? ஸ்மோக்கி, கட் கிரீஸ், கிளிட்டர், பட்டை விங் – ஓர் ஒப்பீடு

கல்யாணத் தேதி குறித்ததும் புடவைக்கு அடுத்து எல்லாரும் குழம்பி நிற்கும் இடம் கண் மேக்கப்தான். போனில் நாலைந்து படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு "இதில் எனக்கு எது சரியாக இருக்கும்" என்று கேட்கிறார்கள். அந்தப் படங்கள் எல்லாமே ஒரே வகைதான்: கண் மூடியிருக்கும், வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், மேக்கப் போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேடையில் நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, மூன்று நான்கு மணி நேரம் நிற்கப்போகிறீர்கள். அந்தக் கடைசி மணி நேரத்தில் கண் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாணங்கள் பலவற்றில் ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலமே நடந்துவிடுகிறது, மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். ராத்திரி 11 மணிக்குக் கலைக்கும் மேக்கப்புக்கும், 3 மணிக்கு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து போட ஆரம்பிக்கும் மேக்கப்புக்கும் நடுவில் கிடைப்பது நாலு மணி நேரம். ராத்திரி தேய்த்துத் தேய்த்துக் கலைத்த கண், காலையில் சிவந்து வீங்கி நிற்கும், அதன் மேல் எவ்வளவு நல்ல ஆர்ட்டிஸ்ட் போட்டாலும் பூசினாற்போல்தான் தெரியும். ஆகவே ஒரு கண் மேக்கப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அது எப்படிக் கலையும் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பெண்ணுக்கு மட்டுமில்லை, இரண்டு நாளும் கூடவே நிற்கிற அக்கா, தங்கை, நாத்தனார் எல்லாருக்கும்தான்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் உங்கள் இமை. கண்ணாடிக்கு நேராக, முகவாயைத் தூக்காமல் இயல்பாகப் பாருங்கள். இமைமுடிக்கும் இமையின் மடிப்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் தெரிகிறது? சிலருக்கு நன்றாக அகலமாகத் தெரியும். சிலருக்குப் புருவத்துக்குக் கீழே இருக்கும் தோல் இறங்கி மடிப்பையே மறைத்துவிடும், ஹூடட் ஐ என்று பியூட்டிஷியன்கள் சொல்வது இதைத்தான். கண் திறந்திருக்கும்போது தெரியாத இடத்தில் அரை மணி நேரம் உழைப்பது வீண். ஒரே விதிவிலக்கு தாலி கட்டும் நேரம். அப்போது பெண் தலை குனிந்திருப்பாள், இமை முழுக்கக் கேமராவுக்குத் தெரியும்.

அடுத்தது எண்ணெய்ப்பசை. வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அது தண்ணீரையும் கண்ணீரையும் தாங்கும், ஆனால் இமையில் ஊறும் எண்ணெயைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அந்த மாதிரி மஸ்காராவில் மெழுகு இருக்கும், எண்ணெய் பட்டால் இளகிவிடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்குவதற்குப் பல நேரம் காரணம் வியர்வைகூட இல்லை, அங்கே தாராளமாகத் தடவிய க்ரீம்தான். எண்ணெய்ப்பசை இமைக்காரர்கள் டியூபிங் மஸ்காரா என்று கேட்டு வாங்குங்கள். அது ஒவ்வொரு முடியையும் மெல்லிய உறைபோலச் சுற்றிக்கொள்ளும், எண்ணெய்க்கு அசையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெதுவாக இழுத்தால் உறை உறையாகக் கழன்று வந்துவிடும். ராத்திரி கலைப்பதற்கு இதைவிடச் சுலபமானது கிடையாது.

அப்புறம் வெளிச்சம். மேடையின் எல்.இ.டி. விளக்கும் ஃபிளாஷும் மேட் (மினுக்கு இல்லாத) நிறத்தின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், மினுக்கும் நிறத்தைக் கூட்டிக் காட்டும். கண்ணுக்குக் கீழே சிலிக்கா பவுடரை அதிகம் போட்டால் ஃபிளாஷில் வெள்ளைத் திட்டாகத் தெரியும், கண்ணாடியில் பார்க்கும்போது அது தெரியவே தெரியாது. போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, போடப்போவது யார், எவ்வளவு நேரம் இருக்கிறது, கையில் எத்தனை பிரஷ் இருக்கிறது. ஸ்மோக்கி (மேலே போகப் போகக் கரையும் அடர்நிறம்), கட் கிரீஸ் (மடிப்பில் வெட்டினாற்போல ஒரு கோடு), கிளிட்டர் (மினுக்குத் துகள்), பட்டை விங் (வெளிப்பக்கமாக நீட்டி வரையும் தடித்த லைனர் கோடு), இந்த நான்கும் இவற்றை வைத்துப் பார்த்தால் இப்படி நிற்கின்றன:

| | ஸ்மோக்கி | கட் கிரீஸ் | கிளிட்டர் | பட்டை விங் |
|---|---|---|---|---|
| யாருடைய இமைக்கு | ஏறக்குறைய எல்லாருக்கும் | அகலமாகத் தெரியும் இமைக்கு | இமை தெரிபவர்களுக்கு, சுருக்கம் இல்லாதவர்களுக்கு | எல்லாருக்கும், வரையும் முறை மாறும் |
| எண்ணெய்ப்பசை, வியர்வை | கலைந்தாலும் பெரிதாகத் தெரியாது | மடிப்பில் கோடு விழும் | பசை நன்றாக இருந்தால் நிற்கும் | லைனரைப் பொறுத்தது |
| கேமராவில் | ஆழமாகத் தெரியும் | மூடிய கண்ணில் அபாரம் | விளக்கில் ஜொலிக்கும் | தூரத்திலிருந்தும் தெரியும் |
| கலைப்பது | சுலபம் | சுமார் | கஷ்டம் | சுலபம், கறை பிடிக்கும் லைனர் தவிர |
| நாமே போடலாமா | பழகினால் போடலாம் | ஆர்ட்டிஸ்ட் வேண்டும் | போடலாம் | கை நிதானம் இருந்தால் போடலாம் |
| செலவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |

ஸ்மோக்கி

ஸ்மோக்கி என்றாலே கறுப்பு என்று ஆகிவிட்டது, அவசியமே இல்லை. இமைமுடி ஓரத்தில் அடர்த்தியாக ஆரம்பித்து, மேலே போகப் போகக் கரைந்து, தோலோடு கலந்துவிட வேண்டும், நிறம் எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியக் கூடாது, அவ்வளவுதான் இதன் இலக்கணம். நம் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் காப்பிக்கொட்டை நிறம், அரக்கு, வெண்கலம், மயில்கழுத்துப் பச்சை எல்லாம் பிரமாதமாக எடுக்கும். நான் வேண்டாம் என்பது வெளிர் சாம்பல் நிற ஷேடோவை (இமையில் பூசும் நிறப்பொடி) மட்டும்தான், அதில் வெள்ளைப் பொடியின் பங்கு அதிகம் என்பதால் நம் தோலில் விபூதி படிந்ததுபோல் வெளிறிவிடும். இமையே கருத்திருப்பவர்கள் ஷேடோவுக்கு முன்னால் கருமையை மறைக்கும் ஆரஞ்சு நிற கரெக்டரை மெல்லியதாகத் தட்டிக்கொண்டால்தான் மேலே போடும் நிறம் அதே நிறமாகத் தெரியும்.

போடும் விதம் இப்படி. மென்மையான கண்மை பென்சிலால் மேல் இமைமுடியின் வேரை ஒட்டி, ஒழுங்கே இல்லாமல் தடிமனாக ஒரு கோடு. அது காய்ந்து இறுகுவதற்குள், அதாவது அரை நிமிடத்துக்குள், சின்ன பிரஷால் மேல்நோக்கித் தேய்த்துப் பரப்பிவிட வேண்டும், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து வரைந்துவிட்டுப் பரப்பலாம் என்று இருந்தால் முதல் கண் இறுகிப்போயிருக்கும். அதன் மேல் அதே நிறப் பொடியைத் தேய்க்காமல் அழுத்தி வைக்கவேண்டும். பிறகு தோல் நிறத்தைவிட ஒன்றிரண்டு படி அடர்த்தியான நடுநிறத்தை, பஞ்சுபோன்ற பிரஷில் கொஞ்சமாக எடுத்து, உதறிவிட்டு, மடிப்பில் முன்னும் பின்னுமாக ஓட்டவேண்டும். பிரஷ் கைப்பிடியின் பின்முனையைப் பிடித்தால் கை லேசாக இருக்கும். நிறம் போதவில்லை என்று தோன்றினால் சேர்க்கலாம், அதிகமாகிவிட்டால் எடுப்பது கஷ்டம். ஹூடட் இமைக்காரர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நடுநிறத்தை மடிப்புக்குச் சற்று மேலே வரை கொண்டுபோக வேண்டும்.

இதன் பெரிய பலம், கலைந்தாலும் காட்டிக்கொடுக்காது. ஆறாவது மணி நேரத்தில் கொஞ்சம் நகர்ந்திருந்தால் அதுவும் அந்த மேக்கப்பின் ஒரு பகுதிபோலவே தெரியும். மறைந்திருக்கும் செலவு பிரஷ்: ஒன்று நிறம் வைக்க, ஒன்று கலக்க, ஒன்று கீழ் இமைக்கு, குறைந்தது மூன்று இருந்தே ஆகவேண்டும், கலக்கும் பிரஷ் சுத்தமாக இல்லாவிட்டால் எல்லா நிறமும் ஒன்றாகிக் குழம்பிவிடும். இன்னொரு செலவு கன்னத்தில் உதிரும் கறுப்புப் பொடி. அதனால் கண்ணை முடித்துவிட்டு, கன்னத்தைத் துடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஃபவுண்டேஷன்.

கருவளையம் ஆழமாக இருப்பவர்களும் சின்னக் கண் உள்ளவர்களும் கண்ணைச் சுற்றி முழுக்கக் கறுப்பு போட்டால் கண் உள்ளே போய்விடும். மூக்குப் பக்க மூலையை விட்டுவிட்டு, கீழ் இமையில் வெளிப்பாதிக்கு மட்டும், கரும்பழுப்பில் போட்டுப் பாருங்கள்.

கட் கிரீஸ்

மடிப்புக்கு மேலே அடர்நிறம், கீழே இமை முழுக்க வெளிர்நிறம், நடுவில் கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. படத்தில் பார்ப்பதற்கு இதற்கு இணை இல்லை, அதனால்தான் எல்லாரும் சேமித்து வைப்பதும் இதைத்தான். ஆனால் நேரில் இது மிகக் கறாரானது. அந்தக் கோடு இரண்டு கண்ணிலும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும், யாருக்குமே இரண்டு கண்ணும் அச்சாக ஒரே மாதிரி இருப்பதில்லை. கோட்டைத் திருத்தவே பாதி நேரம் போய்விடும். நல்ல கைக்கே முக்கால் மணி நேரம் ஆகலாம்.

முக்கியமான சிக்கல், அந்த வெளிர்நிறத்துக்கு அடியில் கன்சீலர் இருக்கிறது. கன்சீலர் க்ரீம்தான். எண்ணெய்ப்பசை இமையில், ஏ.சி. இல்லாத மண்டபத்தில், இரண்டு மணி நேரத்தில் அது மடிப்பில் போய்ச் சேர்ந்து கோடு கோடாக நிற்கும், ஸ்மோக்கிபோல மழுப்பிக்கொள்ள வழியில்லை. ஹூடட் இமையில் மடிப்புக்கு மேலே பொய்யாக ஒரு கோடு வரையலாம், திறந்த கண்ணுக்கு அழகாகவும் இருக்கும், கண்ணை மூடினால் கோடு புருவத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும். தாலி கட்டும்போது எடுக்கிற படத்தில் அதுவே தெரியும், யோசித்துக்கொள்ளுங்கள்.

அகலமான இமை, நல்ல ஏ.சி. மண்டபம், அனுபவமுள்ள ஆர்ட்டிஸ்ட், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட் என்றால் தயங்காமல் போகலாம். இந்த நாலில் இரண்டு இல்லை என்றாலும் வேறு பார்ப்பது நல்லது.

கிளிட்டர்

கடையில் எல்லாவற்றையும் கிளிட்டர் என்றே சொல்வார்கள், ஆனால் இதில் இரண்டு சாதி. ஒன்று ஷிம்மர் அல்லது ஃபாயில்: மைக்கா மாதிரிப் பொருளை நுணுக்கிய பொடி, விரலில் தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். இன்னொன்று உண்மையான கிளிட்டர்: தனித்தனித் துகளாகத் தெரியும், விரலில் நெருடும், பெரும்பாலும் பிளாஸ்டிக் படலத்தை வெட்டிச் செய்தது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கைவினைக் கிளிட்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. துகள் பெரிதாக, ஓரம் கூர்மையாக இருக்கும், கண்ணுக்குள் போய் நாம் கசக்கினால் கருவிழியில் கீறல் விழும். "கொஞ்சம்தானே" என்று இதில் விளையாட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரிப் பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, அதற்குக் காரணம் சுற்றுச்சூழல், நமக்கு இங்கே கண்தான் முதல் காரணம்.

கண்ணுக்கென்றே செய்த கிளிட்டரையும் பசை இல்லாமல் போட்டால் கன்னம், மூக்கு, பட்டுப் புடவை எல்லாவற்றிலும் உதிரும். கிளிட்டர் பசையை இமையின் நடுவில் மட்டும் மெல்லியதாகத் தடவி, அரைகுறையாகக் காய்ந்ததும் தட்டையான பிரஷால் ஒற்றி ஒற்றி வைக்கவேண்டும். கீழே உதிர்ந்ததைத் துடைக்காமல், பசை குறைத்த டேப்பை லேசாக ஒற்றி எடுங்கள்.

அழகு என்று பார்த்தால், பட்டுப் புடவையோடு நான் இதை அதிகம் விரும்புவதில்லை. ஜரிகை மின்னுகிறது, நெத்திச்சுட்டி மின்னுகிறது, மூக்குத்தி மின்னுகிறது, இமையும் சேர்ந்து மின்னினால் பார்க்கிறவர் கண் எங்கேயும் நிற்காது. சங்கீத், காக்டெயில் மாதிரி ராத்திரி நிகழ்ச்சிக்கு, நகை குறைவாக, லெஹங்காவோ கவுனோ போடும்போது இதுதான் சிறந்த தேர்வு. பட்டுக்கு மினுமினுப்பு வேண்டும் என்றால் ஷிம்மர் போதும், அதுவும் புடவை பார்டரின் நிறத்தில். இமையில் சுருக்கம் விழ ஆரம்பித்த அம்மா, சித்தி, அத்தைகளுக்கு இரண்டுமே வேண்டாம், மினுக்குப் பொடி சுருக்கத்தில் தேங்கி அதையே எடுத்துக்காட்டும். அவர்களுக்கு லேசான பளபளப்புள்ள சாட்டின் ஷேடோ அழகு.

கலைப்பதில் நாலிலும் இதுவே மோசம். மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் இருந்தால் மணப்பெண்ணுக்குக் கிளிட்டரை நான் சொல்லவே மாட்டேன்.

பட்டை விங்

நாலில் மலிவானதும், நம் முகத்துக்கு நெடுநாளாகப் பழக்கமானதும் இதுதான். பரதநாட்டியத்தில் கண்ணை வெளிப்பக்கமாக நீட்டி வரைவதே கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கண்ணசைவு தெரியத்தான். கல்யாண மேடைக்கும் கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அதே தூரம் இருக்கிறது. ஷேடோ எல்லாம் அங்கே மங்கிவிடும், கோடு மட்டும் தெரியும்.

கோட்டின் திசை கீழ் இமையின் நீட்சியாக, புருவத்தின் வால் நோக்கிப் போகவேண்டும். முதலில் வெளிநுனியில் ஒரு புள்ளி, இரண்டு கண்ணிலும் ஒரே உயரமா என்று பார்த்துவிட்டு அப்புறம் சேர்க்கவேண்டும். இமையை விரலால் இழுத்துக்கொண்டு வரையாதீர்கள், விட்டதும் கோடு சுருங்கி வளைந்துவிடும். ஹூடட் இமைக்கு, கண்ணை நேராகத் திறந்து வைத்தபடி மடிப்பின் மேலேயே வரையவேண்டும், மூடினால் கோடு கொஞ்சம் உடைந்ததுபோல் தெரியும், திறந்தால் நேராக நிற்கும். ஓரம் கூர்மையாக வரவில்லை என்றால் மேக்கப் கலைக்கும் மைசெல்லர் வாட்டரில் நனைத்த பட்ஸால் கீழிருந்து ஒரு இழுப்பு.

ஸ்கெட்ச் பேனா மாதிரி இருக்கும் லைனர் கையாளச் சுலபம், ஆனால் ஷேடோவின் மேல் ஓட்டினால் பொடி அடைத்து நுனி காய்ந்துவிடும். டப்பாவில் வரும் ஜெல் லைனர் அடர்த்தியாக விழும், எண்ணெய்ப்பசையையும் ஓரளவு தாங்கும், தனி பிரஷ் வேண்டும். சில லைனர்கள் தோலில் கறை பிடிக்கும், கலைத்த பிறகும் சாம்பல் கோடு நிற்கும். வாங்கியதும் புறங்கையில் ஒரு கோடு போட்டு, ஒரு ராத்திரி விட்டு, காலையில் கழுவிப் பார்த்துவிடுங்கள்.

கண்மை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெயரும் விவரமும் அச்சடிக்காமல் சின்னச் சிமிழில் விற்கும் சுர்மாவில் ஈய சல்ஃபைடு இருக்கலாம், ஈயம் உடம்புக்கு விஷம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் மோசம். வீட்டில் விளக்குக் கரியில் நெய்யோ விளக்கெண்ணெயோ சேர்த்துச் செய்த மை வேறு, அது கரிதான், ஆனால் எண்ணெய் என்பதால் விசேஷ நாளில் அரை மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும். எதுவாக இருந்தாலும் இமையின் உள்விளிம்பில் அப்பிக்கொள்ளாதீர்கள். கண்ணீர் காயாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது, மை அதை அடைக்கும், கண் எரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே வரும் செலவுகள்

ஒட்டு இமைமுடி இல்லாமல் இந்த நாலில் எதுவும் படத்தில் இருப்பதுபோல் வராது. பசையில் லேடெக்ஸ் இருந்தால் சிலருக்கு இமை வீங்கும், முழங்கையின் உள்பக்கத்தில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முடிப்பட்டை கண்ணைவிட நீளமாக இருந்தால் வெளிப்பக்கத்தில் வெட்டவேண்டும். உள்மூலை தூக்கிக்கொண்டு குத்தினால் மேடையில் கண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மேக்கப்புக்கு முன்னால் லென்ஸ் போட்டு, மேக்கப்பைக் கலைக்கும் முன் லென்ஸை எடுக்கவேண்டும். முகூர்த்தத்தில் ஹோமப் புகையும் இருக்கும் என்பதால் உதிரக்கூடிய எதுவும் அவர்களுக்கு வேண்டாம்.

பெண் அறையில் ஒரே கண்மை ஆறு பேருக்குச் சுற்றி வரும், இது தயவுசெய்து வேண்டாம். மெட்ராஸ் ஐ ஒருவருக்கு இருந்தால் எல்லாருக்கும் போய்விடும். ஆர்ட்டிஸ்ட் வந்தால் பிரஷ் கழுவியதா, மஸ்காராவுக்கு ஒவ்வொருவருக்கும் புதுக் குச்சியா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். டப்பாவில் மூடி திறந்த ஜாடிபோல ஒரு படமும் உள்ளே 6 என்றும் போட்டிருந்தால், திறந்து ஆறு மாதம் வரைதான் அது நல்லது. போன வருஷக் கல்யாணத்துக்கு வாங்கிய மஸ்காராவைத் தூக்கிப் போடுங்கள்.

இரண்டு நாளுக்கும் சேர்த்து முடிவு செய்தால்

மணப்பெண்ணுக்கு என்றால் என் தேர்வு இது: ரிசப்ஷனுக்குப் புடவை பார்டர் நிறத்தில் ஸ்மோக்கி, முகூர்த்தத்துக்குப் பட்டை விங், டியூபிங் மஸ்காரா, இமையில் லேசான சாட்டின். காலையில் புகை, கண்ணீர், அட்சதை, நெற்றியிலிருந்து இமையில் உதிரும் குங்குமம் எல்லாம் உண்டு, கோடு அதையெல்லாம் தாங்கும், நுணுக்கமான ஷேடோ வேலை தாங்காது. ரிசப்ஷன் தனியாக வேறொரு நாளில் என்றால் கட் கிரீஸையும் தாராளமாக யோசிக்கலாம். கூட நிற்கும் தோழிகளுக்கு, தாமே போட்டுக்கொள்வதாக இருந்தால், இரண்டு நாளும் விங்கே போதும். கண்ணாடி அணிபவர்களும் விங்குக்குத்தான் போகவேண்டும், ஃபிரேமுக்குப் பின்னால் ஷேடோவின் நுணுக்கம் தெரியாது.

ஆர்ட்டிஸ்டிடம் டிரையல் கேளுங்கள், பலர் அதற்குத் தனியாக வாங்குவார்கள், கொடுக்கத் தகுந்த பணம்தான். டிரையல் முடிந்ததும் வீட்டுக்கு வந்து கலைத்துவிடாதீர்கள். சமையலறையில் நின்று வேலை பாருங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள், நாலு மணி நேரம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், ஃபிளாஷில் ஒரு படம் எடுங்கள். ஆர்ட்டிஸ்டுக்குத் திருப்பி அனுப்பவேண்டியது அந்தப் படங்களைத்தான்.

ரிசப்ஷன் ராத்திரி கலைக்கும் முறையையும் டிரையல் அன்றே பழகிக்கொள்ளுங்கள். முதலில் ஒட்டு முடியின் பசையை எண்ணெய் தொட்ட பட்ஸால் இளக்கி எடுக்கவேண்டும். இரண்டு அடுக்காக இருக்கும் ரிமூவரைக் குலுக்கி, பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணின் மேல் அரை நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, கீழ்நோக்கி ஒரே இழுப்பாக எடுங்கள், இடமும் வலமுமாகத் தேய்க்க வேண்டாம். டியூபிங் மஸ்காராவுக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர். தேங்காய் எண்ணெயும் நன்றாகக் கலைக்கும், ஆனால் அதன் பிசுக்கு இமையில் இருந்தால் காலையில் போடுவது நிற்காது, மிதமான ஃபேஸ்வாஷால் கழுவிவிட்டே படுக்கவேண்டும். இந்தப் பஞ்சு, பட்ஸ், ரிமூவர் எல்லாவற்றையும் ஒரு தனிப் பையில் போட்டு, மண்டபத்து அறையில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் பெட்டியைத் தேட யாருக்கும் தெம்பு இருக்காது.